முழங்காலுக்கும் ஒரு சேமிப்பு

(கூட்டமைப்பின் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் வட்டார இயன்முறை மருத்துவர் பேசியதன் எழுத்து வடிவம்)



காலையிலிருந்து சுழல் நிதி, வங்கிக் கடன், உற்பத்திப் பொருள் விற்பனை என்று பெரிய விஷயங்கள் எல்லாம் பேசினீர்கள். என்னிடம் தலைவி அம்மா ஒரே வரியில் சொல்லிவிட்டார்கள்: "மூட்டு வலி பத்தி பேசுங்க மேடம். எங்க ஆளுங்கள்ல பாதிப் பேருக்கு அதுதான் பிரச்சினை." அது உண்மை என்று இந்த மண்டபத்தைப் பார்த்தாலே தெரிகிறது. முன்னால் விரித்த பாய் பாதி காலியாக இருக்கிறது. பின்னால் நாற்காலி கிடைக்காமல் அக்காக்கள் சுவரில் சாய்ந்து நிற்கிறார்கள். கீழே உட்கார்ந்தால் எழுந்திருக்க முடியாது என்கிற பயம். சரிதானே?

நான் இந்த வட்டாரத்தில் வீடு வீடாகப் போய் உடற்பயிற்சி சொல்லித் தருகிறவள். 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வருகிற பிசியோதெரபி மேடம் என்றால் உங்களுக்குத் தெரியும். அந்தத் திட்டம் 2021 ஆகஸ்ட் 5-ஆம் தேதி கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கியது. வீட்டுக்கே வந்து பி.பி., சுகர் பார்த்து மாத்திரை கொடுக்கும் தன்னார்வலர்களாக அதில் வேலை செய்வது உங்களைப் போன்ற குழுப் பெண்கள்தான். அதனால் நான் வெளியாள் மாதிரி பேசப் போவதில்லை. உங்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பேசுகிற மாதிரியே பேசுகிறேன்.

நான் சொல்ல வந்தது ஒரே விஷயம். முழங்கால் வலி வந்தால் காலை ஆட்டாமல் வைத்துக்கொள்வது வைத்தியம் ஆகாது. தொடைச் சதையைப் பலப்படுத்துவதுதான் வைத்தியம். அதை ஒருத்தி தனியாக வீட்டில் செய்வது கஷ்டம். குழுவாகச் சேர்ந்தால் முடியும்.

வலி எதையெல்லாம் பிடுங்கிக்கொள்கிறது?

முழங்கால் வலியால் யாரும் சாவதில்லை. அதனாலேயே வீட்டில் அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. "வயசானா வர்றதுதானே" என்று சொல்லிவிடுவார்கள். ஆனால் அது எப்படி ஒவ்வொன்றாகப் பிடுங்கிக்கொள்கிறது என்று நான் வீடு வீடாகப் பார்க்கிறேன்.

முதலில் நடவு போகிறது. அப்புறம் களை எடுப்பது. அப்புறம் நூறு நாள் வேலை. பெண்களுக்குப் பேருந்தில் டிக்கெட் இல்லை. ஆனால் அந்த முதல் படி உயரமாக இருக்கிறதே, அதில் காலைத் தூக்கி வைக்க முடியவில்லை. அதனால் சந்தைக்குப் போவது நிற்கிறது, மகள் வீட்டுக்குப் போவது நிற்கிறது. கடைசியில் குழுக் கூட்டத்துக்கு வருவதும் நின்று, சந்தாப் பணத்தை மருமகளிடம் கொடுத்தனுப்புகிற நிலை.

இதைவிட ஒரு விஷயம் இருக்கிறது. பெண்கள் மட்டும் இருக்கிற கூட்டம் என்பதால் வெளிப்படையாகச் சொல்கிறேன். கழிவறையில் குத்துக்கால் வைத்து உட்கார்ந்து எழுந்திருக்க முடியாமல், தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொள்கிற அம்மாக்கள் உண்டு. "தண்ணி குடிச்சா அடிக்கடி போவணுமே கண்ணு" என்பார்கள். அப்புறம் மலச்சிக்கல், நீர்க்கடுப்பு, தலைசுற்றல். வலி இருப்பது முழங்காலில். கெடுவது உடம்பு முழுவதும்.

பணமும் போகிறது. உங்கள் தீர்மான நோட்டுகளைப் புரட்டிப் பாருங்கள். உள்கடன் எதற்கு என்ற இடத்தில் 'மருத்துவச் செலவு' என்று எத்தனை முறை எழுதியிருக்கிறது? அதில் மூட்டு வலி ஊசிக்கும் எண்ணெய்க்கும் பெல்ட்டுக்கும் போனது எவ்வளவு என்று உங்களுக்கே தெரியும்.

இது நம்ம ஊர்ப் பிரச்சினை மட்டும் இல்லை. 2019-ஆம் ஆண்டு நிலவரப்படி உலகத்தில் 52 கோடியே 80 லட்சம் பேருக்கு மூட்டுத் தேய்மான நோய் இருந்ததாக உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. அதில் 60 சதவீதம் பெண்கள். அதிகமாகப் பாதிக்கிற மூட்டு முழங்கால்தான். அது மட்டும் 36 கோடியே 50 லட்சம் பேருக்கு.

'தேய்மானம்' என்ற சொல்

எக்ஸ்ரே எடுத்ததும் "தேய்மானம்" என்று சொல்லிவிடுகிறார்கள். அந்தச் சொல்லைக் கேட்டவுடன் நம் மனதில் என்ன வருகிறது? செருப்பு தேய்வது, சைக்கிள் டயர் தேய்வது. நடந்தால் இன்னும் தேயும், உட்கார்ந்தே இருந்தால் மிச்சமாகும் என்று நினைத்துக்கொள்கிறோம். இந்த நினைப்புதான் நிறையப் பேரை முடக்கிப் போடுகிறது.

முழங்கால் மூட்டு டயர் கிடையாது. அது உயிருள்ள பொருள். தொடை எலும்பும் கால் எலும்பும் சேருகிற இடத்தில், எலும்பு நுனியில் வழவழப்பான குருத்தெலும்பு மூடியிருக்கிறது. சிலர் இதை ஜவ்வு என்பார்கள். இந்தக் குருத்தெலும்புக்குள் ரத்தக் குழாய் கிடையாது. அப்புறம் அதற்குச் சாப்பாடு எங்கிருந்து வரும்? மூட்டுக்குள் இருக்கிற நீரிலிருந்துதான். காலை ஊன்றும்போது குருத்தெலும்பு அமுங்குகிறது, எடுக்கும்போது விரிகிறது. பாத்திரம் தேய்க்கிற பஞ்சை அமுக்கி விட்டால் தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளுமே, அந்த மாதிரி. அசைவு இருந்தால்தான் அதற்குத் தீனி. அசையாமல் வைத்தால் அது பட்டினி.

அடுத்தது தொடைச் சதை. தொடையின் முன்பக்கம் இருக்கிற பெரிய சதைதான் முழங்காலைத் தாங்கிப் பிடிக்கிறது. படி இறங்கும்போது, பேருந்திலிருந்து குதித்து இறங்கும்போது வருகிற அதிர்ச்சியை அது வாங்கிக்கொள்கிறது. வலிக்கிறதே என்று காலை அசைக்காமல் விட்டால் அந்தச் சதை இளைத்துவிடுகிறது. சதை இளைத்தால் பாரம் எல்லாம் மூட்டின் மேல் இறங்குகிறது. வலி கூடுகிறது. வலி கூடினால் இன்னும் அசைக்க மாட்டோம். கந்துவட்டி மாதிரி இது. அசலும் அடையாது, வட்டியும் நிற்காது.

இன்னொன்றும் சொல்கிறேன். எக்ஸ்ரேயில் நிறையத் தேய்மானம் தெரிந்தாலும் நன்றாக நடமாடுகிறவர்கள் இருக்கிறார்கள். கொஞ்சம்தான் தெரிகிறது, ஆனால் வலியால் துடிக்கிறவர்களும் இருக்கிறார்கள். அதனால் எக்ஸ்ரே படத்தைப் பார்த்து மனது உடைந்து போக வேண்டாம். எலும்பை நாம் மாற்ற முடியாது. அதைச் சுற்றியிருக்கிற சதையை எந்த வயதிலும் பலப்படுத்தலாம். அறுபது, எழுபது வயதிலும் சதை வலுவாகும்.

"நாள் முழுக்க வேலை செய்றேனே?"

எல்லா ஊரிலும் இந்தக் கேள்வி வரும். "விடிஞ்சதுல இருந்து ராத்திரி வரைக்கும் ஓடிக்கிட்டே இருக்கேன். எனக்கு எதுக்கு எக்சர்சைசு?"

நியாயமான கேள்விதான். நீங்கள் செய்கிற வேலையைக் குறைத்துச் சொல்ல எனக்கு வாய் வராது. ஆனால் வேலை வேறு, பயிற்சி வேறு. களை எடுக்கும்போது மணிக்கணக்காகக் குத்துக்கால் வைத்து உட்காருகிறோம். பூ கட்டும்போது, பீடி சுற்றும்போது ஒரே மாதிரி காலை மடக்கி வைத்திருக்கிறோம். அடுப்படியில் அசையாமல் நிற்கிறோம். இதில் மூட்டுக்குப் பாரம் இருக்கிறது. ஆனால் தொடைச் சதை முழுவதும் நீண்டு சுருங்கிப் பலமாகிற வாய்ப்பு இல்லை. ரொம்ப நேரம் குத்துக்கால் வைத்துச் செய்கிற வேலையே முழங்கால் வலிக்கு ஒரு காரணம்.

பயிற்சி என்பது அளவாகச் செய்வது. இந்த வாரம் ஐந்து முறை, அடுத்த வாரம் ஏழு முறை, அப்புறம் பத்து முறை என்று கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுவது. பத்து ரூபாய், இருபது ரூபாய் என்று சேமித்துத்தானே இந்தக் கூட்டமைப்பு இவ்வளவு பெரிதாக வளர்ந்தது? அதே கணக்குதான்.

ஐந்து பயிற்சிகள்

இதற்கு மெஷின் வேண்டாம், ஜிம் வேண்டாம். ஒரு நாற்காலி, ஒரு பழைய சேலை, ஒரு சுவர் போதும். எல்லாப் பயிற்சியிலும் மூச்சைப் பிடிக்காதீர்கள். வாய்விட்டு எண்ணுங்கள், எண்ணினால் மூச்சு தானாக வந்துபோகும். பி.பி. உள்ளவர்கள் இதை முக்கியமாகக் கவனிக்க வேண்டும்.

ஒன்று, சேலையை அமுக்குவது. பாயிலோ கட்டிலிலோ காலை நீட்டி உட்காருங்கள். பழைய சேலையைச் சுருட்டி முழங்காலுக்கு அடியில் வையுங்கள். முழங்காலால் அந்தச் சுருளைக் கீழே அமுக்குங்கள். தொடைச் சதை கல் மாதிரி இறுகுவது கையை வைத்தால் தெரியும். ஐந்து எண்ணும் வரை பிடித்துவிட்டுத் தளர்த்துங்கள். ஒவ்வொரு காலுக்கும் பத்து முறை. வலி அதிகமாக இருப்பவர்கள் இதிலிருந்து ஆரம்பிக்கலாம். மூட்டு மடங்குவதே இல்லை என்பதால் பயம் வேண்டாம்.

இரண்டு, காலை நீட்டுவது. நாற்காலியில் முதுகு சாய்த்து உட்காருங்கள். ஒரு காலை மெதுவாகத் தூக்கி நேராக நீட்டுங்கள். விரல் நுனி உங்களைப் பார்க்கட்டும். ஐந்து எண்ணிவிட்டு மெதுவாக இறக்குங்கள். தொப்பென்று போடக் கூடாது. மெதுவாக இறக்குவதில்தான் பாதிப் பலன் இருக்கிறது. பத்து முறை. இரண்டு மூன்று வாரம் கழித்து லேசாகத் தோன்றினால், சிறிய துணிப்பையில் அரை கிலோ மணல் போட்டுக் கணுக்காலில் கட்டிக்கொண்டு செய்யலாம்.

மூன்று, உட்கார்ந்து எழுவது. ஐந்திலும் முக்கியமானது இதுதான். பிளாஸ்டிக் நாற்காலி வழுக்கும்; அதனால் சுவரை ஒட்டிப் போடுங்கள். நுனியில் உட்கார்ந்து, பாதத்தைக் கொஞ்சம் பின்னால் இழுத்து வையுங்கள். உடம்பை முன்னால் சாய்த்து எழுந்து நில்லுங்கள். மறுபடி மெதுவாக உட்காருங்கள். முழங்கால் இரண்டும் உள்பக்கம் சேராமல் கால் விரல்களுக்கு நேராக இருக்கட்டும். முடியாதவர்கள் நாற்காலியில் போர்வையை மடித்துப் போட்டு உயரமாக்கிக்கொள்ளுங்கள். கை ஊன்றியும் எழலாம். ஐந்து முறையில் ஆரம்பித்துப் பத்துக்கு வாருங்கள். கழிவறைக்கும் பேருந்துப் படிக்கும் தேவையான பலம் இதில்தான் வருகிறது.

நான்கு, குதிகாலைத் தூக்குவது. ஜன்னல் கம்பியையோ சுவரையோ பிடித்துக்கொண்டு நின்று, இரண்டு குதிகாலையும் தூக்கி, மூன்று எண்ணி இறக்குங்கள். பத்து முறை. இது கெண்டைச் சதைக்கு.

ஐந்து, பக்கவாட்டில் காலைத் தூக்குவது. அதே மாதிரி பிடித்துக்கொண்டு, உடம்பைச் சாய்க்காமல், ஒரு காலை நேராகப் பக்கவாட்டில் ஒரு சாண் அளவு தூக்கி இறக்குங்கள். பத்து முறை. இது இடுப்புச் சதைக்கு. நடக்கும்போது ஒரு பக்கமாக ஆடி ஆடி நடக்கிறோமே, அதைக் குறைக்க இது உதவும்.

ஐந்தையும் செய்ய கால் மணி நேரம் ஆகும். வாரத்தில் மூன்று நாளாவது கட்டாயம். முடிந்தால் தினமும். கூடவே சமதரையில் நடை. ஒரேயடியாக அரை மணி நேரம் நடக்க முடியாவிட்டால் பத்துப் பத்து நிமிடமாக மூன்று முறை நடந்தாலும் சரி.

எவ்வளவு வலி வரைக்கும் செய்யலாம்?

இதுதான் எல்லோருக்கும் பயம். "செய்யும்போது வலிச்சா நிறுத்திடவா?" என்று கேட்பார்கள். வலியே இல்லாததற்குப் பூஜ்யம், தாங்கவே முடியாததற்குப் பத்து என்று மனதில் மார்க் போட்டுக்கொள்ளுங்கள். பயிற்சி செய்யும்போது வலி நாலுக்குள் இருந்தால் செய்யலாம். அதைத் தாண்டினால் எண்ணிக்கையைக் குறையுங்கள்.

இன்னொரு சோதனை மறுநாள் காலை. எழுந்திருக்கும்போது வலி பழைய அளவுக்கு வந்திருந்தால் நேற்றுச் செய்தது சரியான அளவு. வலி கூடியிருந்தாலோ முழங்கால் வீங்கியிருந்தாலோ நேற்றுச் செய்தது அதிகம். இன்றைக்குப் பாதி போதும். விட்டுவிடாதீர்கள், குறைத்துக்கொள்ளுங்கள். சதையில் வருகிற வலி வேறு. புதிதாகக் கிணற்றில் தண்ணீர் இறைத்தால் மறுநாள் தோள் வலிக்குமே, அது மாதிரி தொடையில் வரும். இரண்டு மூன்று நாளில் அது போய்விடும்.

பலன் தெரிய ஆறு வாரத்திலிருந்து பன்னிரண்டு வாரம் ஆகும். நிறையப் பேர் பத்து நாள் செய்துவிட்டு "ஒண்ணும் கேக்கல" என்று நிறுத்திவிடுகிறார்கள். பத்து நாளில் எந்தக் குழுவுக்கு வங்கிக் கடன் கிடைத்தது?

நாற்காலியிலிருந்து கை ஊன்றி இரண்டு முறை எழுவதற்கே திணறிய ஒரு அம்மாவை எனக்குத் தெரியும். மூன்று மாதம் விடாமல் செய்தார்கள். எக்ஸ்ரே அதே எக்ஸ்ரேதான். இப்போதும் மழைக்காலத்தில் வலிக்கிறது என்கிறார்கள். ஆனால் கை ஊன்றாமல் எட்டு முறை எழுகிறார்கள், ராத்திரி யாரையும் எழுப்பாமல் தானாகக் கழிவறைக்குப் போய் வருகிறார்கள். "மருமகள கூப்பிட வேண்டியதில்ல பாரு, அதுவே போதும்" என்றார்கள். நான் உங்களுக்குச் சொல்கிற பலன் இந்த அளவுதான். வலி சுத்தமாகப் போய்விடும் என்று சொல்ல மாட்டேன். உங்கள் காரியத்தை நீங்களே பார்த்துக்கொள்ள முடியும்.

அன்றாடம் கவனிக்க வேண்டியவை

கைத்தடி பிடிப்பவர்கள் வலிக்கிற காலுக்கு எதிர்ப்பக்கக் கையில் பிடிக்க வேண்டும். வலது முழங்கால் வலித்தால் இடது கையில் தடி. நம் ஊரில் நிறையப் பேர் மாற்றிப் பிடிக்கிறார்கள்.

படி ஏறும்போது நல்ல காலை முதலில் வையுங்கள். இறங்கும்போது வலிக்கிற காலை முதலில் வையுங்கள். கைப்பிடியைப் பிடித்துக்கொள்ள வெட்கப்பட வேண்டாம்.

அரிவாள்மனையில் காய் நறுக்குவது, துணி துவைப்பது எல்லாம் குத்துக்கால் வைத்துத்தான் செய்ய வேண்டும் என்றில்லை. ஒரு சின்ன ஸ்டூல் போட்டுக்கொள்ளுங்கள், அல்லது மேடையில் வைத்துச் செய்யுங்கள். களை எடுக்கப் போனால் அரை மணிக்கு ஒரு தடவை எழுந்து நின்று காலை நீட்டி மடக்குங்கள்.

கழிவறைச் சுவரில் பிடிக்க ஒரு கம்பி பதித்துக்கொள்ளுங்கள். முடிந்தவர்கள் உயரமான இருக்கை வைத்துக்கொள்ளுங்கள். இந்தச் செலவுக்கு உள்கடன் கேட்டால் கேள்வி கேட்காமல் கொடுங்கள். ஊசிக்குக் கொடுப்பதைவிட இது நல்ல கடன்.

உடம்பு எடை அதிகமாக இருந்தால், ஒரு கிலோ குறைத்தாலே ஒவ்வொரு அடி எடுத்து வைக்கும்போதும் முழங்காலுக்கு நாலு கிலோ பாரம் குறையும். ஐந்து கிலோ குறைத்தால் இருபது கிலோ. பட்டினி கிடக்கச் சொல்லவில்லை. சோற்றைக் கொஞ்சம் குறைத்து, பருப்பு, முட்டை, கீரை, சுண்டலைக் கூட்டுங்கள். டீக்குப் போடும் சர்க்கரையைக் குறையுங்கள். வீட்டில் எல்லோரும் சாப்பிட்ட பிறகு மிச்சம் வீணாகப் போகிறதே என்று சாப்பிடுகிற பழக்கத்தையும் விடுங்கள்.

காலையில் விறைப்பாக இருந்தால் வெந்நீர் ஒத்தடம். வீங்கிச் சூடாக இருந்தால் துணியில் சுற்றிய ஐஸ் பத்து நிமிடம். சுகர் இருந்து காலில் உணர்வு குறைந்தவர்கள் இரண்டையும் கையால் சூடு பார்த்துக் கவனமாகச் செய்ய வேண்டும்.

மாத்திரை, ஊசி பற்றி

மருந்துக் கடையில் "கால் வலி மாத்திரை" என்று கேட்டால் நாலைந்தை ஒரே காகிதத்தில் மடித்துத் தருகிறார்களே, அதை வாங்காதீர்கள். அதில் என்ன இருக்கிறது என்று உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. வலி மாத்திரையை மாதக்கணக்காகத் தானாக வாங்கிப் போட்டால் வயிற்றில் புண் வரும், கிட்னி கெடும், பி.பி. ஏறும். அந்தப் பொட்டலத்தில் ஸ்டீராய்டு இருந்தால் முகம் உப்பும், சுகர் ஏறும், எலும்பு பலவீனமாகும். டாக்டர் எழுதிக் கொடுத்தால், சொன்ன நாள் வரை போடுங்கள்.

மூட்டில் போடுகிற ஊசிக்கும் அதற்கான இடம் உண்டு. ஆனால் அதன் பலன் சில வாரங்களில் குறைந்துவிடும். வலி குறைந்திருக்கிற அந்த வாரங்களில் பயிற்சியை ஆரம்பித்தால் ஊசிக்கும் ஒரு பிரயோஜனம் இருக்கும்.

எல்லா மூட்டு வலியும் தேய்மானம் இல்லை. இந்த அறிகுறிகள் இருந்தால் பயிற்சியை நிறுத்திவிட்டு டாக்டரிடம் போங்கள்:

மூட்டு சிவந்து, சூடாகி, கூடவே காய்ச்சல் இருந்தால்.

கீழே விழுந்த பிறகு காலை ஊன்றவே முடியாவிட்டால்.

ஒரு கால் கெண்டை மட்டும் திடீரென்று வீங்கி வலித்தால்.

முழங்கால் ஒரே இடத்தில் மாட்டிக்கொண்டு நீட்டவோ மடக்கவோ முடியாவிட்டால்.

விரல், மணிக்கட்டு என்று சிறிய மூட்டுகள் இரண்டு கையிலும் வீங்கி, காலையில் அரை மணிக்கு மேல் விறைப்பாக இருந்தால். இது முடக்குவாதமாக இருக்கலாம். ரத்தப் பரிசோதனை செய்து, அதற்கென்று உள்ள மருந்தைச் சீக்கிரம் ஆரம்பித்தால் மூட்டு கோணாமல் காப்பாற்றலாம். இளம் வயதுப் பெண்களுக்கும் வரும், அலட்சியம் வேண்டாம்.

கூட்டத்தில் வந்த கேள்விகள்

"கீழ உட்காரவே கூடாதுன்னு ஒரு டாக்டர் சொன்னாரு. நெசமா?" வலி கடுமையாக இருக்கிற நாட்களில் தவிர்க்கலாம். அடியோடு விட வேண்டியதில்லை. பலம் வந்த பிறகு, பிடிமானம் வைத்துக்கொண்டு உட்காரலாம். ரொம்ப நேரம் அப்படியே இருக்காமல் பார்த்துக்கொண்டால் போதும்.

"முழங்காலில் கடக் கடக்னு சத்தம் வருது, தேயுதா?" வலியும் வீக்கமும் இல்லாமல் வெறும் சத்தம் மட்டும் வந்தால் பயப்பட வேண்டியதில்லை. பயிற்சியைத் தொடருங்கள்.

"எண்ணெய் தேய்ச்சா போதாதா?" தேயுங்கள், இதமாக இருக்கும். ஆனால் எண்ணெய் சதையைப் பலமாக்காது. எண்ணெய் தேய்த்துக்கொண்டே சேலையை அமுக்குங்கள்.

"ஆபரேஷன் பண்ணச் சொல்லிட்டாங்க. இனிமே எக்சர்சைஸ் எதுக்கு?" மூட்டு மாற்று அறுவைச் சிகிச்சை சிலருக்குத் தேவைதான். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில், முதலமைச்சர் காப்பீட்டுத் திட்ட அட்டையோடு போய் விசாரியுங்கள். ஆனால் புது மூட்டை நடத்துவதும் இதே தொடைச் சதைதான். முன்னாலேயே பலப்படுத்தியவர்கள் அறுவைக்குப் பிறகு நடக்கச் சிரமப்படுவது குறையும்.

ஒரு தீர்மானம் போடுங்கள்

கடைசியாக ஒரு கோரிக்கை. நான் ஒவ்வொரு வீட்டுக்கும் தினமும் வர முடியாது. வந்தாலும், நான் போன பிறகு நீங்கள் செய்கிறீர்களா என்று பார்க்க ஆள் இல்லை. வீட்டில் தனியாகச் செய்தால் "கெழவிக்கு வந்த ஆசையப் பாரு" என்று பேரன் சிரிப்பான். அடுப்பில் சோறு பொங்கும். நாளைக்குச் செய்யலாம் என்று தள்ளிப் போகும்.

உங்களிடம் ஏற்கெனவே வாரக் கூட்டம் இருக்கிறது, வருகைப் பதிவேடு இருக்கிறது, தீர்மான நோட்டு இருக்கிறது. சந்தா கட்டாதவரைக் கேள்வி கேட்கிற பழக்கமும் இருக்கிறது. அதனால் ஒவ்வொரு குழுவும் அடுத்த கூட்டத்தில் ஒரு தீர்மானம் போடுங்கள்: கூட்டம் தொடங்கும் முன் கால் மணி நேரம் எல்லோரும் சேர்ந்து இந்த ஐந்து பயிற்சிகளைச் செய்வது, மற்ற நாட்களில் பக்கத்து வீட்டுக்காரர்கள் இரண்டு இரண்டு பேராகச் சேர்ந்து செய்வது.

அதற்கு ஒரு கணக்கும் எழுதுங்கள். முதல் கூட்டத்தில், கையை மார்பில் குறுக்காக வைத்துக்கொண்டு, 30 விநாடியில் நாற்காலியிலிருந்து எத்தனை முறை எழுந்து உட்கார முடிகிறது என்று ஒருவர் செல்போனில் நேரம் பார்த்து எண்ணட்டும். பக்கத்தில் ஒருவர் பிடித்துக்கொள்ள நிற்கட்டும். கை ஊன்றித்தான் முடிகிறது என்றால் அதையும் அப்படியே எழுதுங்கள். பெயருக்கு நேராக அந்த எண். பன்னிரண்டு வாரம் கழித்து மறுபடி எண்ணுங்கள். யாரையும் யாரோடும் ஒப்பிட வேண்டாம். அவரவர் பழைய எண்ணோடு மட்டும் பாருங்கள்.

வலி அதிகமாகி, கூட்டத்துக்கு வர முடியாமல் வீட்டிலேயே இருக்கிற உறுப்பினர் ஒவ்வொரு குழுவிலும் ஒருவர் இருவர் இருப்பார்கள். அவர்கள் பெயரை உங்கள் ஊர் சுகாதாரத் தன்னார்வலரிடம் கொடுங்கள். நான் அவர்கள் வீட்டுக்கு வருகிறேன். முதல் பயிற்சியைக் கட்டிலிலேயே ஆரம்பிக்கலாம்.

இவ்வளவு நேரம் பொறுமையாகக் கேட்டீர்கள். இப்போது நாற்காலியில் இருப்பவர்கள் எல்லோரும் கொஞ்சம் முன்னால் நகர்ந்து உட்காருங்கள். பாயில் இருப்பவர்கள் காலை நீட்டிக்கொள்ளுங்கள். சாப்பாட்டுக்கு முன்னால் ஒரு தடவை சேர்ந்தே செய்துவிடலாம். வாய்விட்டு எண்ணுங்கள்.